ஓடிய தூரத்தைக் கேட்காதே, நின்ற இடத்தைக் கேள்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளைகளுக்கு எது எதிலோ ஆசை வரும். வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்காவின் மகனுக்குப் பழைய கார் மேல் வந்தது. ஒரு பின்னேரம் கைபேசியை என் முன் நீட்டினான். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள், கராஜ் ஒன்றின் தகரக் கூரைக்குக் கீழே, 1990களின் தொடக்கத்துப் பென்ஸ். வெள்ளி நிறம் மங்கிப் போயிருந்தது. முன்னால் நிற்கும் நட்சத்திரம் மட்டும் மினுங்கியது.

"மாமா, ஒண்டேகால் இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடியிருக்கு. கனகாலம் நிக்கிறதால விலையைக் குறைச்சுத் தருவினமாம். நானே திருத்தி எடுப்பன்."

"எங்க நிண்ட கார்?"

"கராஜிலதான்."

"அதுக்கு முன்னம்?"

அது அவனுக்குத் தெரியவில்லை. விற்பவரிடம் அவன் கேட்கவும் இல்லை. பழைய கார் வாங்கப் போகும் எவரும் முதலில் கேட்பது ஓடிய தூரத்தைத்தான். ஆனால் உலோகமும் இறப்பரும் பிளாஸ்டிக்கும் எப்படி முதுமை அடைகின்றன என்று பார்த்தால், கொழும்பு போன்ற ஊரில் அந்த இலக்கம் சொல்வது மிகக் கொஞ்சம்.

கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரில் கிரெகோரியோஸ் சச்சினிடிஸ் என்ற டாக்சிச் சாரதி இருந்தார். 1976ஆம் ஆண்டின் பென்ஸ் 240டி ஒன்றை என்ஜின்களை மாற்றி மாற்றி 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டினார். 2004இல் அந்தக் காரை நிறுவனத்துக்கே கொடுத்தார்; அது தன் அருங்காட்சியகத்தில் வைத்தது. நாள் தவறாமல் ஓடிய கார். ஒயில் மாறியது, தேய்ந்தது மாறியது, நோய் தெரிந்த அன்றே மருந்து கிடைத்தது. தேய்மானம் என்பது நேர்மையான எதிரி. சத்தம் போட்டுக்கொண்டு வரும். சத்தமில்லாமல் வரும் எதிரிகள் வேறு. அவர்களுக்குக் கார் ஓட வேண்டும் என்றே இல்லை.

காய மறுக்கும் உப்பு

முதல் எதிரி துரு. இரும்பு இயற்கையில் உலோகமாகக் கிடைப்பது மிக அரிது. ஒட்சிசனோடு சேர்ந்த தாதுவாகவே கிடக்கிறது. உலையில் வெப்பம் கொடுத்து அந்த ஒட்சிசனைப் பிரித்தெடுக்கிறோம். கொடுத்த சக்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்குப் போகவே இரும்பு எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி தண்ணீர்.

ஈரமான உருக்குத் தகட்டின் மேல் நடப்பது ஒரு பற்றரிக்குள் நடப்பதேதான். ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு இலத்திரன்களை விட்டுவிட்டு அயனாகித் தண்ணீரில் இறங்குகிறது. அந்த இலத்திரன்கள் உலோகத்துக்குள்ளாகவே ஓடி இன்னோரிடத்தில் ஒட்சிசனையும் நீரையும் சந்திக்கின்றன. உயர்தர இரசாயனவியல் படித்தவனுக்கு அனோட்டும் கதோட்டும் புதிதல்ல. ஆனால் பரீட்சைத் தாளில் இரண்டும் இரண்டு முகவைகளில் இருந்தன. காரின் கதவில் அவை ஒரே நீர்த்துளிக்குக் கீழே, சில மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன.

தூய மழைநீர் மின்சாரத்தை மோசமாகவே கடத்தும். உப்புக் கலந்தால் கதை மாறிவிடும். அயன்கள் எளிதாக ஓடும். அதோடு குளோரைட்டு அயன், உலோகத்தின் மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தையும் ஓட்டையாக்கும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சில நூறு மீற்றர் நடந்தால் மெரைன் டிரைவ், அதை அடுத்து ரெயில் பாதை, அப்பால் கடல். அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழ்கள் வெடிக்கின்றன. ஒவ்வொரு குமிழும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துகள்களை மேலே எறிகிறது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அதை அள்ளிக்கொண்டு நேரே ஊருக்குள் வருகிறது. கரையிலிருந்து உள்ளே போகப் போக இந்த உப்புப் படிவு வேகமாகக் குறையும். முதல் சில நூறு மீற்றருக்குள்தான் அடி பலம். பல்கனிக் கம்பிகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு வர்ணம் பூசும் வெள்ளவத்தைக்காரருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு நுட்பம் உண்டு. உப்பு, காற்றிலிருந்து தானே நீரை உறிஞ்சிக் கரையும். சோடியம் குளோரைட்டு அப்படிக் கரைவதற்கு ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதம் வேண்டும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். கொழும்பின் காற்று ஆண்டின் பெரும்பகுதியில் 70க்கும் 90க்கும் இடையில்தான் நிற்கிறது. இதன் பொருள் என்ன? மழை பெய்யாத நாளிலும், கை வைத்தால் காய்ந்ததுபோல் தெரிந்தாலும், காரின் அடித்தகட்டில் ஒட்டிய கடலுப்பு ஈரமாகவே இருக்கிறது. பற்றரி அணைவதே இல்லை.

கொட்டாஞ்சேனையும் கடல் பக்கத்தில்தான். துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அங்கே கப்பல் புகையும் சேர்ந்தது. கப்பல் எரிபொருளில் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகத்தின் அளவை, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020இல்தான் 0.5 சதவீதமாக இறக்கியது. கந்தகம் எரிந்து வரும் வாயு ஈரத்தில் அமிலமாகி, உப்பின் வேலைக்குக் கை கொடுக்கும்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டெல்லியின் இரும்புத் தூண் சாட்சி. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெளியில் நிற்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் அதை நுணுகி ஆராய்ந்தவர். அந்த இரும்பில் அதிகமாக இருக்கும் பொசுபரசு, மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியிருக்கிறது என்று அவர் காட்டினார். டெல்லியின் வறண்ட காற்றும் துணை நின்றது. அதே தூணைக் கொண்டுவந்து வெள்ளவத்தை ரெயில் பாதை ஓரத்தில் நட்டிருந்தால் அது இத்தனை காலம் தாங்கியிருக்குமா என்பது ஐயம்தான்.

துருவுக்கு இன்னொரு கெட்ட குணம்: அது உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கும். இரண்டு தகடுகள் ஒட்டும் மடிப்புக்குள் துரு பிறந்தால் அது வீங்கி மடிப்பையே பிளக்கும். பிளவுக்குள் இன்னும் நீர் போகும். அதனால்தான் துரு வெளியில் ஒரு கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே அதன் வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும்.

ஆடம்பரக் கார் இதில் தப்புவதில்லை. சன்ரூஃப் உள்ள கார் மழைநீரை வெளியேற்ற நான்கு மூலைகளிலும் மெல்லிய குழாய்கள் வைத்திருக்கும். ஒரு வேப்பிலைச் சருகு அதை அடைத்தால் போதும். நீர் உள்ளே இறங்கி, தடித்த கம்பளத்துக்கும் அதன் கீழுள்ள ஒலித்தடுப்புப் பஞ்சுக்கும் போய்ச் சேரும். மலிவான காரில் இறப்பர் விரிப்பு ஒன்றுதான், தூக்கினால் காய்ந்துவிடும். சொகுசுக் காரின் பஞ்சோ மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு தரைத்தகட்டை மேலிருந்து தின்னக் கொடுக்கும்.

வெயில் எழுதும் கணக்கு

இரண்டாவது எதிரி வெப்பம். இரசாயனத் தாக்கங்களின் வேகம் பற்றி ஒரு கைக்கணக்கு உண்டு: வெப்பநிலை 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். பென்ஸ் பிறந்த ஸ்டுட்கார்ட்டின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 10, 11 பாகை செல்சியஸ். கொழும்பில் 27, 28. இடைவெளி 17 பாகை. அந்தக் கணக்கின்படி, அங்கே ஓராண்டில் முதுமை அடையும் இறப்பர் இங்கே நான்கு மாதத்தில் அதே நிலைக்கு வந்துவிடும். மூடிய காருக்குள் வெயிலில் 60 பாகை வரை போகும் நாட்களை இதில் சேர்க்கவில்லை.

இறப்பர் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளால் ஆனது. ஒட்சிசனும் ஓசோனும் அந்தச் சங்கிலிகளை வெட்டுகின்றன. சில இடங்களில் தேவையற்ற முடிச்சுகளும் விழுகின்றன. இறப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்கள் மெல்ல மெல்ல வெளியேறுகின்றன. கடைசியில் நெகிழ வேண்டிய பொருள் பிஸ்கட் மாதிரி முறிகிறது. என்ஜினைத் தாங்கும் மெத்தைகள், சில்லுகளைப் பிடிக்கும் கைகளின் புஷ்கள், தண்ணீர்க் குழாய்கள், கதவு ஓர இறப்பர்கள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நெடுநாள் நின்ற காரைக் கிளப்பி ஓட்டத் தொடங்கிய இரண்டாவது வாரம் ஒவ்வொன்றாக ஒழுகத் தொடங்குவதன் காரணம் இதுதான். நின்றிருந்தவரை முதுமை தெரியவில்லை. அமுக்கமும் சூடும் ஏறிய பிறகு தெரிகிறது.

வயர்களின் உறை இன்னொரு கதை. 1990களின் முதற்பாதியில் வந்த பென்ஸ்களில் என்ஜின் வயரிங்கின் உறை, சூட்டில் காய்ந்து உதிர்வது உலகெங்கும் மெக்கானிக்குகள் அறிந்த குறை. உறை உதிர்ந்த இரண்டு வயர்கள் தொட்டுக்கொண்டால் என்ஜின் ஏன் திணறுகிறது என்று தேடியே ஒரு மாதம் போய்விடும். என் மருமகன் காட்டிய கார் சரியாக அந்தக் காலத்தது.

பிரேக் ஒயிலும் சும்மா நிற்பதில்லை. அது காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் திரவம். டொட் 4 என்ற வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்ததும் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடலாம். கண்டியிலிருந்து வரும்போது கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் தகடுகள் நன்றாகச் சூடேறும். திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதி அடிமட்டம் வரை போகும், கார் நிற்காது. ஓடாத காரிலும் இந்த ஒயிலுக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும்.

இதைவிடப் பெரிய பாடம் டக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகளில் இருக்கிறது. பையை ஊத வைக்க அவர்கள் பயன்படுத்தியது அமோனியம் நைத்திரேற்று. ஈரமும், பகலிரவு மாறி மாறி வரும் சூடும் குளிரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து அந்த வில்லைகளை உருக்குலைத்தன. பிறகு விபத்து நேரத்தில் அவை அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூட்டையே வெடிக்க வைத்தன. உலோகத் துண்டு பாய்ந்து மனிதர் இறந்தது அமெரிக்காவின் வெப்பமான, ஈரமான மாநிலங்களிலும் மலேசியாவிலுமே அதிகம் பேசப்பட்டது. உலகளவில் ஏறத்தாழ 10 கோடி ஊதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2000 முதல் 2006 வரையான பி.எம்.டபிள்யூ 3 வரிசைக் கார்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. இளைஞர்கள் ஆசைப்படும் கார்கள் அவை. கொழும்பின் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு காரைப் பார்த்தால், அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் விசாரிப்பது முதல் வேலை.

நூற்றில் ஒன்று, முந்நூறு தடவை

சாதாரணக் காருக்கும் இதே உப்பும் வெயிலும்தானே? ஆடம்பரக் காரில் என்ன விசேடம்? இதற்கு விடை நிகழ்தகவில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பாகம் ஓராண்டு பழுதில்லாமல் இருக்கும் வாய்ப்பு 99 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பாகம்தான். கார் பழுதில்லாமல் இருக்க அப்படி 50 பாகங்கள் ஒன்றாகச் சரியாக இருக்க வேண்டுமானால், வாய்ப்பு 0.99இன் 50ஆம் வலு: ஏறத்தாழ 60 சதவீதம். பாகங்கள் 300 ஆனால்? 5 சதவீதம்தான். ஒவ்வொரு பாகமும் அதே தரம்; எண்ணிக்கை மட்டுமே கூடியது.

சொகுசு என்பது பெரும்பாலும் பாகங்களின் எண்ணிக்கை. மின்னாசனம், தானே மூடும் கதவு, காற்றில் மிதக்கும் சஸ்பென்ஷன், ஒவ்வொன்றுக்கும் சென்சர், ஒவ்வொரு சென்சருக்கும் வயர், எல்லாவற்றுக்கும் கணினிப்பெட்டி. 1998இல் வந்த எஸ் வகுப்பு பென்ஸ், சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய இறப்பர் பைகளில் நின்றது. புதிதில் அது மேகத்தில் போவது போல. இறப்பர் வெடித்த பிறகு காலையில் கார் நிலத்தில் குந்தியிருக்கும். கணினிப்பெட்டிக்குள் உள்ள சிறிய மின்கொள்ளளவிகளில் திரவம் இருக்கிறது. அதுவும் சூட்டில் காய்கிறது, கசிகிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய சொகுசுக் காரின் விலை இறங்கும்; பாகத்தின் விலை இறங்காது. கார் புதிதாக இருந்தபோது அது யாருடைய கார் என்பதை வைத்துப் போட்ட விலை அது. ஒரு மாணவனின் சேமிப்பில் காரை வாங்கலாம். அதன் கியர்ப்பெட்டியை வாங்க அந்தச் சேமிப்புப் போதாது.

பழைய சொகுசுக் கார்கள் எல்லாம் இப்படியும் அல்ல. 1976 முதல் 1986 வரை ஏறத்தாழ 27 இலட்சம் செய்யப்பட்ட டபிள்யூ123 வரிசை பென்ஸின் டீசல் வகைகளைப் பாருங்கள். காற்றை இருபது மடங்குக்கு மேல் அமுக்கினால் வெப்பநிலை 500 பாகையைத் தாண்டும்; அதில் டீசலைத் தெளித்தால் தானே பற்றும். தீப்பொறி வேண்டாம், கணினி வேண்டாம். டீசலை அளந்து கொடுப்பது முழுக்கப் பொறிமுறைப் பம்பி. கதவுப் பூட்டுகளும் என்ஜினை நிறுத்தும் ஏற்பாடும் காற்றை உறிஞ்சும் வெற்றிடக் குழாய்களால் இயங்கின. மெதுவான கார், சத்தமான கார். ஆனால் அதில் பழுதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், கையால் தொடலாம். கற்க வருபவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

சொகுசுக் காருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதையும் மறைக்கக்கூடாது. மோதினால் முன்பக்கம் நசுங்கி ஆட்களைக் காக்கும் உடலமைப்பு, பேலா பரெனியின் யோசனையில் 1959இல் பென்ஸில்தான் வந்தது. சில்லுப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு பிரேக்கை அதே நிறுவனம் 1978இல் எஸ் வகுப்பில் கொடுத்தது. இன்று முச்சக்கர வண்டிக்காரர் மாறி வாங்கும் சின்னக் காரிலும் அவை இருக்கின்றன. ஆனால் முப்பது வயதான காரில் இவை அன்றுபோல் வேலை செய்யும் என்று நம்பி ஏறக்கூடாது.

தீவுக்குள் அடைபட்ட மந்தை

இலங்கையின் பழைய கார்களுக்குத் தனி வரலாறு உண்டு. 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை இறக்குமதி இறுக்கமாக இருந்ததால், மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் பேஜோவையும் நம் ஆட்கள் வெல்டிங் பிடித்தும் கடைந்தும் ஓட வைத்தார்கள். அந்தக் கைத்திறன் எவ்வளவு தேறியது என்றால், 1990களில் மொறிஸ் மைனருக்கான உடற்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு, அந்தக் கார் பிறந்த பிரித்தானியாவுக்கே போயின.

அந்நியச் செலாவணி நெருக்கடியில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் ஐந்து ஆண்டுகள் தீவுக்குள் இருந்த கார்களே கைமாறின. 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். நகர நெரிசலில் லீற்றருக்கு ஆறேழு கிலோமீற்றர் ஓடும் பெரிய பெற்றோல் என்ஜின்காரர், பள்ளிக்கூடமும் கடையும் போய்வரவே அதை எண்ணி எண்ணிச் செலவழித்தார். பல சொகுசுக் கார்கள் உறைக்குள் போனதும் அப்போதுதான். அதாவது, நிற்கத் தொடங்கின.

இந்த மந்தைக்கு ஆஸ்பத்திரி மருதானைப் பக்கத்துப் பஞ்சிகாவத்தை. ஜப்பான் கார் என்றால் கழற்றிய என்ஜினிலிருந்து கதவுக் கைப்பிடி வரை அங்கே குவியலாகக் கிடைக்கும். ஐரோப்பியக் காருக்குக் குவியல் சிறியது. ஆகவே காரை வாங்குமுன் ஒரு நாள் பஞ்சிகாவத்தையில் நடந்து, தண்ணீர்ப் பம்பி, என்ஜின் மெத்தை, முன்விளக்கு, கியர்ப்பெட்டி ஆகிய நான்கையும் விசாரிப்பது எந்த மெக்கானிக்கின் சான்றிதழையும்விட மேல். கிடைக்காத பாகம் அந்தக் காரின் உண்மை விலையைச் சொல்லிவிடும்.

காகிதமும் ஒரு பாகம்தான். பதிவுப் புத்தகத்தில் உள்ள அடிச்சட்ட இலக்கமும் என்ஜின் இலக்கமும் காரில் பொறித்ததோடு ஒத்துப்போக வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியோடு புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. அந்தப் பரிசோதனை 2008இல் தொடங்கியது. பெற்றோல் காரில் காபன் ஓரொட்சைட்டையும் எரியாத எரிபொருளையும் அளப்பார்கள், டீசலில் புகையின் அடர்த்தியை. இங்கே ஈயப் பெற்றோல் 2002இல்தான் நின்றது. ஈயம், புகையைச் சுத்தமாக்கும் ஊக்கிமாற்றிப் பெட்டியின் பிளாட்டினப் பரப்பை மூடிக் கொன்றுவிடும். அதற்கு முன் வந்த காரில் அந்தப் பெட்டி இருந்தாலும் உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு காந்தமும் ஒரு கைவிளக்கும்

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, சில்லு வளைவிலும் கதவின் அடியிலும் மெல்ல நகர்த்துங்கள். உருக்கு இழுக்கும், துருவை மறைக்கப் பூசிய புட்டி இழுக்காது. கம்பளத்தைத் தூக்கி விரலால் அழுத்துங்கள். ஈரமா, மணமா என்று பாருங்கள். ஒயில் மூடியைத் திறந்தால் பால்தேநீர் நிறத்தில் நுரை இருந்தால், தண்ணீர் என்ஜினுக்குள் போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். என்ஜின் பக்கத்து வயர் ஒன்றை மெதுவாக வளையுங்கள். உறை வெடித்தால் மூடியை மூடிவிட்டு வீட்டுக்கு வரலாம்.

வாங்கிவிட்டால் முதல் வேலை மினுக்கம் பூசுவது அல்ல. அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி உப்பை இறக்குவது. வடிகுழாய்களைத் துப்புரவாக்குவது. பிரேக் ஒயிலையும் குழாய்களையும் மாற்றுவது. துருவைத் தடுக்க உலோகம், நீர், ஒட்சிசன் மூன்றில் ஒன்றைப் பிரித்தால் போதும்; வர்ணமும் மெழுகும் செய்வது அதைத்தான். நாகம் பூசிய தகட்டில் நடப்பது வேறு: இரும்புக்கு முன் நாகம் தன்னைப் பலி கொடுக்கிறது. ஹம்ப்ரி டேவி 1824இல் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கச் சொன்ன அதே தந்திரம். உடல் முழுவதற்கும் நாகம் பூசிய கார் கிடைத்தால் கடற்கரை ஊரில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகக்கூடாது. தாங்கிகள் வைத்த பிறகே தலை உள்ளே. பழைய பிரேக் தூசியை ஊதக்கூடாது. அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். நனைத்துத் துடைக்க வேண்டும்.

இதெல்லாம் கேட்டால் பிள்ளையின் ஆசையில் தண்ணீர் ஊற்றுவது போலிருக்கும். ஆனால் கார் பழுது பார்த்தலின் வரலாறே இரண்டு பையன்களோடுதான் தொடங்குகிறது. 1888 ஓகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல் அவருடைய மூன்று சில்லு வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீற்றருக்கு மேல். கூடப் போனவர்கள் 15 வயது ஒய்கன், 13 வயது ரிச்சார்ட். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லொக் ஊர் மருந்துக்கடையில் கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார்கள். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார்கள். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவர் தோல் அடித்துக் கொடுத்தார். மேட்டில் பையன்கள் தள்ளினார்கள். அந்த வண்டியில் எல்லாமே வெளியே தெரிந்தது. அதனால்தான் அவர்களால் முடிந்தது.

சனிக்கிழமை அவனோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒரு பழைய காலுறைக்குள் காந்தத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பின்சில்லு வளைவில் அது ஒட்டவில்லை. சாரதி பக்கத்துக் கம்பளத்தைத் தூக்கினான். பஞ்சு நனைந்திருந்தது. கைவிளக்கைப் பிடித்தபோது தரைத்தகடு பழைய அப்பளம் போல அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது.

"பாஸ், இது முதல் எங்க நிண்டது?" என்று கராஜ்காரரிடம் கேட்டான்.

"வெள்ளவத்தையிலதான் தம்பி, ரெயில் ரோட்டுப் பக்கத்து ஒழுங்கையில. சொந்தக்காரர் கனடா போன பிறகு ஒன்பது வருசம் வெளியிலேயே நிண்டது." பாஸ் கையைத் துணியில் துடைத்தார். "ஓடிக் கெட்ட கார் குறைவு. நிண்டு கெட்டதுதான் கூட."

அதைக் கேட்டபோது எனக்கு வேறொரு காற்று நினைவுக்கு வந்தது. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ மலைச்சரிவுகளில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் தீவின் கொல்லர் தென்மேல் பருவக்காற்றை நேரே உலைவாயில் வாங்கி இரும்பை உருக்கினார்கள். கில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் அந்த உலைகளை அகழ்ந்து, அதேபோல் ஒன்றைக் கட்டி உருக்கியும் காட்டி, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். மலையில் இரும்பைத் தாதுவிலிருந்து பிரித்த அதே காற்றுத்தான் வெள்ளவத்தை ஒழுங்கையில் அதை மறுபடி தாதுவாக்கியிருக்கிறது.

அவன் காரை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இனி இதை என்ன செய்வீங்கள்?" என்று கேட்டான். பாகம் பாகமாகக் கழற்றி விற்பதாகப் பாஸ் சொன்னார்.

"கழட்டேக்க நானும் வரலாமோ?"

"சம்பளம் கிடையாது தம்பி."

திங்கட்கிழமை காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்கு ஏறினான். பையில் ஒரு பழைய சேட்டும், உயர்தர இரசாயனவியல் கொப்பியின் வெறும் பக்கங்களும். எந்தப் பாகம் எப்படிக் கெட்டிருக்கிறது என்று குறித்து வைக்கப் போகிறானாம்.